கோல் பிடித்தவன் பின்னால் நடக்கிறான்

'ஆத்திரமூட்டுதல்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு தீராத பிணக்கு இருக்கிறது. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள வழக்கறிஞர்களுக்காகத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கீழமை நீதிமன்றத்தில் தமிழிலேயே நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கு, முன்ஜாமீன் கேட்டோ ரத்து செய்யக் கோரியோ சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, முதல் தகவல் அறிக்கையிலிருந்து சாட்சிகளின் வாக்குமூலம் வரை எல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சாகி உடன் செல்ல வேண்டும். அவற்றில் அடிதடி வழக்குகளே அதிகம். அடிதடி என்றாலே அடித்தவர் ஏன் கை ஓங்கினார் என்ற கேள்வி வரும். அதற்கு எங்கள் பக்கத்து மக்கள் சொல்லும் பதில்களுக்குக் கணக்கே இல்லை. சீண்டினான் என்பார்கள், வம்புக்கு இழுத்தான் என்பார்கள், வாயைக் கிளறினான், உசுப்பேத்தினான், மூட்டி வுட்டான், ஏத்தி வுட்டான், கொம்பு சீவி வுட்டான் என்பார்கள். இவை அத்தனையும் காவல் நிலையத் தாளில் 'ஆத்திரமூட்டினார்' என்று ஒரே சொல்லாகச் சுருங்கி, ஆங்கிலத் தாளுக்கு வரும்போது 'புரவோக்' என்ற ஒரே சொல்லாக உறைந்துவிடும். மொழிபெயர்ப்பில் இப்படிச் சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த இழப்பில் ஒரு மனிதர் காணாமல் போகிறார் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயி ஒருவரின் வழக்கைச் சொன்னால் நான் கூறுவது விளங்கும். அறுபதைத் தாண்டியவர். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் பாகம் பிரிந்த மாந்தோப்பு, நடுவில் ஒரு கூட்டுக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஏற்பாடு. பெரியவர்கள் காலத்திலிருந்து பெரிய சச்சரவு இல்லாமல் ஓடிய முறை. ஒரு கோடைக் காலையில் அவர் மண்வெட்டிக் காம்பால் பங்காளியின் தோளில் அடித்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள், வழக்குப் பதிவானது. அவருடைய வழக்கறிஞர் என்னிடம் கொடுத்த குறிப்பில் காரணம் ஒரே வரியில் இருந்தது: எதிர்த்தரப்பினர் ஆத்திரமூட்டியதால் மனுதாரர் நிதானம் இழந்தார். இந்த வரியை ஆங்கிலமாக்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அன்று அவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை நான் படித்துக் காட்டியபோது தலையை அசைத்து மறுத்தார். "அவன் ஒண்ணும் சொல்லலைம்மா. அவன் பாட்டுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தான்" என்றார்.

பிறகு யார் உங்களுக்கு ஆத்திரமூட்டியது ஐயா என்று கேட்டேன். டீக்கடைக்காரர் ஒருவர். உறவும் அல்லர், பகையும் அல்லர். தினமும் காலையில் டீ குடிக்கப் போகும்போது அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார். உன் முறையில் அவன் மோட்டார் போட்டானாமே என்பார். மறுநாள், கேட்டால் கேட்டது கிடைக்கும், கேட்காதவனுக்கு என்ன கிடைக்கும் என்பார். இன்னொரு நாள், உங்கப்பன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, ஒரு நாளும் போய் அடி என்று சொன்னதில்லை. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், வலக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, தன் இடுப்புயரத்தில் காற்றில் குத்தினார். சற்று விட்டு மறுபடியும் குத்தினார். "டெய்லி இப்பிடி ஓட்டினான்மா என்னை. மாடு ஓட்டுற மாதிரி ஓட்டினான்."

அந்த விரல்களை நான் அடையாளம் கண்டுகொண்டேன். காரிமங்கலம் பக்கத்தில் வளர்ந்தவள் நான். பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகளில் என் அப்பாவின் வண்டியும் ஒன்று. அப்பாவின் கையில் இருந்த தார்க்குச்சி அந்த உயரத்தில், அந்த இடைவெளியில்தான் குத்தும்.

ஜி, ஓ, ஏ, டி

ஆங்கிலத்தில் அந்தக் குச்சிக்கு ஒரு பெயர் உண்டு. ஜி, ஓ, ஏ, டி என்ற நான்கு எழுத்துகள். 'கோட்' என்று ஒலிக்கும். பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருக்கும் சொல் அது. மாடு ஓட்டும் முள்குச்சியின் பெயராக இருந்து, பதினாறாம் நூற்றாண்டில் வினைச்சொல்லாகவும் மாறி, மனிதர்களை விடாமல் குத்திக் குத்தி ஒரு செயலுக்குத் தள்ளுவதைக் குறிக்கத் தொடங்கியது. தமிழில் எழுத்து வழக்கில் தாற்றுக்கோல், எங்கள் பேச்சில் தார்க்குச்சி. தமிழ் விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் சம்கார் என்பவர் எதிரிகளை அடிக்கும் கருவி தாற்றுக்கோல்தான், ஆங்கில விவிலியத்தில் அந்த இடத்தில் இந்த நான்கெழுத்துச் சொல்தான். பொருளைப் பொறுத்தவரை இரு மொழிகளும் ஒரே குச்சியைப் பிடித்திருக்கின்றன. ஆனால் கையில் கிடைக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைப் புரட்டினால் வினைச்சொல்லுக்கு முதலில் நிற்பது 'தூண்டு' என்பது. அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

தூண்டு என்ற சொல்லுக்குத் தமிழில் விளக்கு வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுடர் விளக்காயினும் தூண்டுகோல் வேண்டும் என்ற பழமொழியைப் பள்ளிக்கூட மேடைகளில் கேட்காதவர் இருக்க முடியாது. திரியைச் சற்றே முன்னே தள்ளிச் சுடரைப் பெரிதாக்கும் கோல் அது. அதனால்தான் ஆசிரியர் எனக்குத் தூண்டுகோலாக இருந்தார் என்று நன்றியோடு எழுதுகிறோம். தாற்றுக்கோலாக இருந்தார் என்று எழுதுவதில்லை. அதே வினையைத்தான் செய்தித்தாள்கள் 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு' என்றும் 'கலவரத்தைத் தூண்டிய இருவர் கைது' என்றும் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று மொழி ஒப்புக்கொண்டிருக்கிறது, அதை நான் மாற்ற முடியாது. ஆனால் ஒருவரை நாள்தோறும் புண்பட்ட இடத்தில் குத்தி நகர்த்திய கதையைக் கேட்டுவிட்டு, அதற்குத் திரி தூண்டும் சொல்லை இடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

இதில் வியப்பான ஒன்று உண்டு. உயிரியல் பாடப் புத்தகத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்திருப்போம். தொட்டாற்சிணுங்கி இலையைத் தொடுவது தூண்டல், அது மூடிக்கொள்வது துலங்கல். அந்தத் தூண்டலுக்கு ஆங்கிலத்தில் நிற்கும் 'ஸ்டிமுலஸ்' என்ற சொல், இலத்தீன் மொழியில் மாடு ஓட்டும் முள்குச்சியின் பெயர். அறிவியல் அதை எடுத்துக்கொண்டு முள்ளைக் கழுவித் துடைத்துவிட்டது. ஆங்கிலத்தின் அன்றாடச் சொல்லோ இன்னும் முள்ளோடு இருக்கிறது. விலங்கையும் கூர்முனையையும் வைத்துத்தான் அந்த மொழி இந்தக் குணத்தைப் பேசுகிறது. 'எக் ஆன்' என்று ஒருவரை மூட்டிவிடுவதைச் சொல்வார்கள். முட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை, பழைய நோர்ஸ் மொழியில் கூர்விளிம்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது அது. கொம்பு சீவி வுட்டான் என்று எருது விடும் ஊர்க்காரர்கள் சொல்வதும் கூரைத்தான். யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. மாடு வைத்திருந்தவர்கள் இரு இடத்திலும் ஒன்றையே கவனித்திருக்கிறார்கள்.

முள் எங்கே படுகிறது

தார்க்குச்சியைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டதால் அதைச் சற்று நெருக்கத்தில் சொல்ல வேண்டும். கைக்கு அடக்கமான மூங்கில் குச்சி. ஒரு முனையில் சிறிய ஆணியை அடித்து, தலையை நீக்கி, அரத்தால் கூராக்கியிருப்பார்கள். வெளியே தெரியும் முள் மிகக் குறைவு. ஆழமாக இறங்கக் கூடாது என்பதுதான் அதன் அமைப்பு. வண்டிக்காரர் மாட்டுக்குப் பின்னால் அமர்ந்து, வாலின் அடியிலோ பின்தொடையிலோ தொடுவார். சாட்டை ஓசை எழுப்பும், ஓங்கிய கை கண்ணுக்குத் தெரியும், ஆனால் தார்க்குச்சிக்கு ஓசை இல்லை. எதிரே வருபவருக்கு மாடு தானாக வேகம் எடுத்தது போலத்தான் தோன்றும். ஆலம்பாடி மாடுகள் உழைப்புக்குப் பெயர் போனவை. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது அப்பா அவற்றின் பின்தொடையில் முள்ளை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பட்டு, மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஈ மொய்க்கும் ஒரு வட்டம் உண்டாகியிருக்கும். அந்த வட்டம் உண்டான பிறகு முள் தேவையில்லை, குச்சியின் மழுங்கிய முனை பட்டாலே மாடு பாயும். கூர்முனை உள்ள குச்சியைக் கொண்டு இழுவை விலங்குகளை ஓட்டக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே தடை செய்திருக்கின்றன. இருந்தும் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் முதலில் தடவிப் பார்க்கும் இடங்களில் பின்தொடையும் ஒன்று.

இந்தக் குச்சியின் இயல்புகள் மூன்றும் அந்த ஆங்கிலச் சொல்லில் அப்படியே இருக்கின்றன. ஒரு தடவையில் முடியாதது, மீண்டும் மீண்டும் நடப்பது என்பது முதலாவது. ஒரு திசை உண்டு என்பது அடுத்தது. குத்துபவருக்கு மாடு எங்கே போக வேண்டும் என்பது தெரியும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. குத்துபவர் கோபத்தில் இருப்பதில்லை. வண்டிக்காரருக்கு மாட்டின் மீது எந்தப் பகையும் கிடையாது, ரத்தம் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது, வண்டி நகர வேண்டும், அவ்வளவுதான். டீக்கடைக்காரரும் அப்படித்தான் நிதானமாகப் பேசியிருக்கிறார். ஆத்திரமூட்டுதல் என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று கத்துகிறார்கள். சீண்டுதல் என்று சொன்னால் திசை இருப்பதில்லை; சும்மா கிடக்கிற நாயைக் கல்லால் அடிக்கும் பையனுக்கு நாய் எங்கே ஓடினாலும் ஒன்றுதான். கேலி செய்தல் என்று சொன்னால் சிரிப்பதோடு கணக்கு முடிந்துவிடும். இவற்றில் எதுவும் அந்தப் பெரியவரின் இரண்டு விரல்களுக்கு ஈடாகாது. அவரே சொன்ன 'ஓட்டினான்' என்பதுதான் ஈடு. இன்றைய இளைஞர்கள் கேலி செய்வதை ஓட்டுவது என்கிறார்கள். அவர் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார்.

இரண்டு பேரா, மூன்று பேரா

இதை வழக்கறிஞரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பிலும் வலுவான காரணம் இருந்தது. புதிய பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தைப் போலவே அதிலும் வேண்டுமென்றே காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. அதே காயம் கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் விளைந்தது என்று நிறுவினால் ஒரு மாதம் வரைதான். ஒரு சொல்லுக்கு இந்த அளவு கனம் இருக்கும் இடத்தில் நீங்கள் இலக்கியம் பார்க்கக் கூடாது மேடம் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அடி, ஆத்திரமூட்டியவர் மீது விழுந்திருக்க வேண்டும். இந்த வழக்கில் ஆத்திரத்தை மூட்டியது டீக்கடையில் ஒருவர், அடிபட்டது கிணற்றடியில் வேறொருவர். திடீரென்பதும் இல்லை, மாதக் கணக்கில் நடந்திருக்கிறது. குறிப்பில் இருந்த ஒற்றை வரி, நடக்காத ஒன்றைச் சொல்லி, நடந்த ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

சட்டம் 'திடீர்' என்பதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை, 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்ததை, எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சொற்களும் சைகைகளும்கூடச் சில வேளைகளில் கடுமையான ஆத்திரமூட்டலாகலாம் என்று ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பே, கோபம் தணிய நேரம் கிடைத்துவிட்டால் அந்தச் சலுகை இல்லை என்றும் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் இதில் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. 1989-இல் ஒரு தாயின் வழக்கில், ஒரே கணத்தில் வெடிக்காமல் நெடுநாள் நீடித்துச் சேர்ந்த ஆத்திரமூட்டலையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது கூறியது. நல்லதங்காள் கதை தெரிந்த மண்ணில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. நீடித்தல் என்ற காலக்கணக்கை அது உள்ளே கொண்டுவந்தது. ஆனால் பின்னால் நடக்கும் மூன்றாமவர் இன்னும் படத்துக்கு வரவில்லை.

அவர் வருவது வேறொரு பிரிவில். குற்றத்துக்கு உடந்தையாதல் என்ற இயலில், ஒருவரைக் குற்றம் செய்யத் தூண்டுவதே முதல் வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தூண்டுதல் என்றால் என்ன என்று 2001-இல் ரமேஷ் குமார் எதிர் சத்தீஸ்கர் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கும்போது, அது அடுக்கிய வினைச்சொற்களில் முதலாவதாக நின்றது அந்த ஜி, ஓ, ஏ, டி. முன்னே தள்ளுதல், ஆத்திரமூட்டுதல், கிளர்த்துதல், ஊக்குதல் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒரு கணவன் மீதான தற்கொலை வழக்கில் சொல்லப்பட்டது அது. அதே தீர்ப்பு, விளைவை எண்ணாமல் கோபத்தில் கொட்டிவிட்ட ஒரு சொல் தூண்டுதலாகாது என்றும் எல்லை வகுத்தது. அந்த எல்லை நியாயமானது. கோபத்தில் எவரும் எதையும் சொல்லிவிடக்கூடும், அதற்கெல்லாம் சிறை என்றால் ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஆனால் என் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கோபத்தில் சொன்னவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும். கோபமே இல்லாமல், நாள் தவறாமல், ஒரே இடத்தைப் பார்த்துச் சொன்னவரை எந்தச் சொல்லால் அழைப்பது?

வழக்குக் கட்டை மறுபடியும் புரட்டியபோதுதான் என்னை நிலைகுலையச் செய்த ஒன்றைப் பார்த்தேன். காவல் துறை பதிவு செய்திருந்த சாட்சிகளில் டீக்கடைக்காரரும் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து இருவரையும் விலக்கிவிட்டதாக அவருடைய வாக்குமூலம் சொன்னது. அதில் பொய் எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே ஓடிவந்து விலக்கிவிட்டிருந்தார், அடிபட்டவரைத் தன் வண்டியிலேயே மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்றிருந்தார். ஊருக்கு அவர் நல்லவராகவே தெரிவார். கேட்டால் சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்பார். 'சும்மா' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதை என் மேசைக்கு வரும் கட்டுகள் ஒவ்வொன்றிலும் பார்க்கிறேன். அடித்தவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில், அடிபட்டவரின் பெயர் மருத்துவமனைக் குறிப்பில், விலக்கிவிட்டவரின் பெயர் சாட்சிப் பட்டியலில். ஓட்டியவரின் பெயருக்கு இடமே இல்லை. 'ஆத்திரமூட்டப்பட்டதால்' என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டால் அவர் தேவைப்படுவதும் இல்லை.

கும்பலும் தனி ஆளும்

தருமபுரி மாவட்டத்துக்காரி ஒருத்தி தூண்டுதல் பற்றி எழுதும்போது 2012 நவம்பர் 7-ஐத் தாண்டிப் போக முடியாது. நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகளைக் கும்பல் எரித்த நாள் அது. கும்பலை மேடையிலிருந்தோ தெருமுனையிலிருந்தோ கிளப்பிவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'இன்சைட்' என்பார்கள். அது கூட்டத்தை நோக்கி, பலர் காதில் விழும்படி நடப்பது. பேச்சை எடுத்துக் காட்டலாம், பதிவை ஒலிக்கச் செய்யலாம். ஆனால் கும்பலில் போய்ச் சேரும் ஒவ்வொருவரையும் அதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையிலும் கடைவாசலிலும் யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டாரிடம் கேட்கப்படும் கேள்விகளை எனக்குத் தெரியும். இன்னும் உயிரோடு இருக்கிறாயா என்ற பொருள்பட, ஆனால் அந்தச் சொற்கள் எதுவும் வராமல், நலம் விசாரிப்பது போலவே கேட்பார்கள். தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாயே என்று வியப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும், ரோஷக்காரர், தாங்கமாட்டாமல் செய்துவிட்டார் என்று அதே வாய்கள் சொல்லும். கிளப்பிவிட்டவரைத் தேடும் நாம் ஓட்டியவர்களைத் தேடுவதில்லை. ஒருவேளை அவர்கள் தொகை அதிகம் என்பதால் இருக்கலாம்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு, அதை வழக்கறிஞரே சொன்னார். மனிதன் மாடு அல்லன். குத்தினால் பாய்ந்துதான் ஆக வேண்டும் என்ற விதி மனிதனுக்கு இல்லை. மறுக்க முடியாத பேச்சு. மண்வெட்டியைத் தூக்கிய கை பெரியவருடையதுதான், அதை அவரும் ஒரு கணமும் மறுக்கவில்லை. தோட்டி என்பதும் ஒரு கோல்தான். யானையை முன்னே செலுத்தவும் அடக்கி நிறுத்தவும் பாகன் கையில் இருப்பது. அறிவின் திண்மையைத் தோட்டியாகக் கொண்டு ஐம்புலன்களையும் காப்பவன் என்று வள்ளுவர் துறவியைச் சொல்லும்போது, கோல் வெளியாள் கையிலிருந்து தன் கைக்கே வந்துவிடுகிறது. அந்த நிலையை எல்லோரிடமும் எதிர்பார்க்கலாம், எல்லோரிடமும் அது இருக்காது. நான் கேட்பது அடித்தவருக்கு விடுதலை அன்று. அடித்தவரின் பங்கு அவரிடமே இருக்கட்டும்; ஓட்டியவரின் பங்கை அவருடைய தலையில் சேர்த்து ஏற்றாதீர்கள் என்பதுதான். கோபக்காரன், ரோஷக்காரன், குடும்பமே அப்படித்தான் என்று நாம் தீர்ப்பு எழுதும்போது, பின்தொடையில் உள்ள வட்டத்தைப் பார்த்துவிட்டு மாடு பொல்லாதது என்று சொல்கிறோம்.

கோலுக்கு நல்ல பயன்பாடும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஞானிகளின் வார்த்தைகள் தாற்றுக்கோல் போன்றவை என்று விவிலியத்தின் பிரசங்கி நூலில் வருகிறது. தேர்வுக்குப் படிக்காத பிள்ளையை அம்மா நச்சரித்துப் படிக்க வைப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் சொல்ல முடியும். அப்போது அந்தப் பிள்ளை போய்ச் சேரும் இடம் அந்தப் பிள்ளைக்கு உரியதாக இருக்கிறது. டீக்கடையில் நடந்ததில், போய்ச் சேர்ந்த இடத்தில் பெரியவருக்கு வேண்டியது எதுவும் இல்லை. பங்காளியோடு பேச்சு நின்றது, முறைத் தண்ணீர் நின்றது, காய்க்கிற பருவத்தில் மரங்கள் வாடின. ஓட்டியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். அவருக்கு நிலத்தில் நாட்டம் இருந்ததோ, வெறும் வேடிக்கையோ, சொல்லத் தெரியவில்லை என்றார் பெரியவர். பல வேளைகளில் வேடிக்கைதான் என்பது என் எண்ணம். எருது விடும் விழாவில் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க ஓடுபவர்களைவிட, மாடியில் நின்று பார்ப்பவர்களின் கூட்டம் எப்போதும் பெரியது.

கடைசியில் மனு எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆத்திரமூட்டப்பட்டதால் என்ற வரியை வழக்கறிஞர் நீக்கினார். டீக்கடையில் என்னென்ன சொல்லப்பட்டது, எத்தனை காலம், யாரால் என்பதைப் பெரியவரின் சொற்களிலேயே ஒரு தனிப் பத்தியாகச் சேர்த்தோம். அதன் முதல் வாக்கியத்தில் அந்த நான்கெழுத்து வினைச்சொல் செய்வினையில் நிற்கிறது; எழுவாயாக ஒரு மனிதர் நிற்கிறார். அந்தச் சொல் 2001 தீர்ப்பில் இருப்பதால் நீதிபதிக்கு அந்நியமாக இராது என்பது வழக்கறிஞரின் சமாதானம்; அதுதான் நடந்தது என்பது என்னுடையது. பெரியவருக்கு அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். "அவன் ஓட்டினான், நான் போனேன். ரெண்டையும் போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டையும் போட்டிருக்கிறோம் என்றேன்.

அந்தப் பத்தியில் 'ரோஷத்துல' என்று அவர் சொன்ன ஓரிடம் மட்டும் இன்னும் எனக்கு நிறைவாக அமையவில்லை. கோபம் என்று எழுதினால் குறைகிறது, தன்மானம் என்று எழுதினால் அவர் பெருமை பேசுவது போல் ஆகிறது. முள் படும் இடம் அதுதான் என்பதால், அதற்குச் சரியான ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.